எஞ்சினைப் பிடித்திருக்கும் றப்பர்: கொட்டியாரக் குடாவிலிருந்து ஒரு சிறு வரலாறு

பழைய காருக்கு எஞ்சின் மாத்திறதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எல்லாரும் எஞ்சினைப் பற்றித்தான் கதைப்பார்கள். எத்தனை சீசீ, எத்தனை சிலிண்டர், பஞ்சிகாவத்தையில என்ன விலை, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும். நாலு பேர் கூடி நின்றால் நாலு பேரும் இதைத்தான் கேட்பார்கள். "எதில தூக்கி வைக்கப் போற?" எண்டு கேட்கிற ஆளைக் காண்பது அரிது. அந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் கையில் கிறீஸ் பூசிய ஒரு மெக்கானிக் அண்ணனாக இருப்பார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. எஞ்சினுக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் இருக்கிற, உள்ளங்கையளவு றப்பரையும் இரும்பையும் பற்றியது. நாம் 'மவுண்ட்' என்றும் 'மவுண்டிங்' என்றும் சொல்லுகிற சாமான். அதற்கும் ஒரு வரலாறு இருக்கு. அந்த வரலாறு தெரிந்தால் எஞ்சின் மாத்தும்போது எந்த மவுண்ட் எடுக்கலாம், எதை எடுக்கவே கூடாது என்பது தன்பாட்டில் விளங்கும்.

ஏன் இப்போது இந்தக் கதை? 2020 மார்ச்சில் இலங்கைக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஏறத்தாழ ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்துக்குள்தான் 2022 இன் எரிபொருள் வரிசையும், கியூஆர் கோட்டும், காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்ற கணக்கும் வந்தன. கதவு திறந்த பிறகும் வரியைச் சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் நம்ம கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. ஆக, கட்டைபறிச்சானிலிருந்து மூதூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு அவசரமென்றால் ஓடப்போவது இருபது முப்பது வருடப் பழைய ஹட்ச்பாக் ஒன்றுதான். அதன் எஞ்சின் களைத்துவிட்டால் செய்யக்கூடியது எஞ்சினை மாத்துவது. அதை ஒழுங்காக மாத்துவதா, ஏனோதானோ என்று மாத்துவதா என்பதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கு. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

முதலில் ஒரு பாய்மரம்

நம்ம குடாவுக்குள் உந்துசக்தியை மாத்த வந்த ஒரு வாகனத்தின் கதையை உலகமே வாசித்திருக்கு. 1659 நவம்பர் 19 ஆம் திகதி மசூலிப்பட்டினக் கடலில் அடித்த புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் தன் பெரிய பாய்மரத்தை இழந்தது. புது மரம் நாட்டிக்கொள்ள அது வந்த இடம் கொட்டியாரக் குடா. மரம் நாட்டுகிற வேலைக்கிடையில் புளியமரத்தடியில் இருந்த கப்பல் தலைவரையும் ஆட்களையும் கண்டி அரசனின் படை பிடித்துக்கொண்டு போனது. பிடிபட்டவர்களில் தலைவரின் மகன் றொபேட் நொக்ஸும் ஒருவர். அவர் 1679 இல் தப்பி, 1681 இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். பாடசாலைப் புத்தகத்தில் நாம் படிப்பது அந்தச் சிறைக் கதையைத்தான். அவர்கள் எதற்காக இங்கே வந்தார்கள் என்பதை யாரும் பெரிதாக யோசிப்பதில்லை.

பாய்மரத்தை நாட்டுவது எப்படி என்று பாருங்க. மரத்தின் அடி, கப்பலின் அடிக்கட்டையில் செதுக்கிய ஒரு குழியில் இருக்கும். தளத்தைக் கடக்கிற இடத்தில் சுற்றிவர ஆப்பு அடித்திருக்கும். மேலே கயிறுகள் இருபக்கமும் இழுத்துப் பிடிக்கும். மரத்தின் பாரத்தைத் தாங்குவது பாதி வேலை. காற்று பாயில் தள்ளுகிற தள்ளு கப்பலின் உடம்புக்குப் போய்ச் சேருவது இந்தக் குழியாலும் ஆப்பாலும் கயிறாலும்தான். பிடி தளர்ந்தால் காற்று கப்பலைத் தள்ளாது, மரத்தை உடைக்கும்.

எஞ்சின் மவுண்டின் வேலையும் இதுதான். அது பாரம் தாங்குகிற சாமான் என்று மட்டும் நினைப்பதால்தான் பிழையானதை வாங்குகிறோம். அதற்கு மூன்று வேலை: எஞ்சினின் பாரத்தைத் தாங்க வேணும், எஞ்சின் முறுக்குகிற எதிர்விசையை உடம்புக்குக் கடத்த வேணும், எஞ்சினின் நடுக்கத்தை உடம்புக்குக் கடத்தாமல் இருக்க வேணும். இரண்டாவதுக்குப் பிடி இறுக்கமாக இருக்க வேணும். மூன்றாவதுக்கு இளக்கமாக இருக்க வேணும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டையும் ஒரே சாமானிடம் கேட்கிறோம். மவுண்டின் முழு வரலாறும் இந்த இழுபறிதான்.

இறுக்கிப் பூட்டிய காலம்

ஆரம்பக் கார்களில் எஞ்சினை நேரே சட்டத்தில் போல்ற் போட்டு இறுக்கினார்கள். நம்ம வயலில் ஓடுகிற லாண்ட்மாஸ்டரைப் பார்த்தால் அந்தக் காலம் கண்ணில் தெரியும். ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், சட்டத்தில் நேர்ப் பூட்டு. இறுக்கமான பூட்டு அங்கே பிழையில்லை. ஓட்டுபவர் பின்னால் ட்ரெயிலரில் இருக்கிறார், வேகம் குறைவு, சட்டம் கனத்த இரும்பு. கைப்பிடி நடுக்கத்தைத் தாங்கிக்கொண்டு போய்விடுகிறோம்.

காருக்கு அது ஒத்துவரவில்லை. முதல் பிரச்சினை நடுக்கம்கூட இல்லை, றோட்டு. பள்ளம் திட்டியில் ஏறி இறங்கும்போது சட்டம் முறுகும். அதோடு இறுக்கிய எஞ்சினின் காதுகள் வெடிக்கும். 1908 இல் வந்த போர்ட் மொடல் ரீ எஞ்சினை மூன்று இடத்தில் மட்டும் பிடித்தது இதனால்தான். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும் தானே, அதே யோசனை. சட்டம் முறுகினாலும் எஞ்சின் முறுகாது.

அடுத்து வந்ததுதான் நடுக்கம். நாலு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றும்போது இரண்டு தடவை வெடிப்பு நடக்கும். ஒவ்வொரு வெடிப்பும் எஞ்சினை ஒரு பக்கம் உருட்டப் பார்க்கும். எட்டுச் சிலிண்டரில் வெடிப்புகள் நெருக்கமாக வருவதால் உருட்டல் மெல்லிசாகத் தெரியும். அதனால் பணக்காரரின் கார் வழுக்கிக்கொண்டு போகும், மற்றவரின் கார் பல்லைக் கிட்டவைக்கும் என்ற நிலைமை 1930 வரைக்கும் இருந்தது.

1931: மிதக்க விட்டார்கள்

1931 இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் கொம்பனி தன் மலிவான பிளிமத் காரில் ஒரு மாற்றம் செய்தது. 'மிதக்கும் சக்தி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். எஞ்சினைச் சும்மா றப்பரில் வைத்தது அல்ல அதன் விசேஷம். றப்பரை அதற்கு முன்னும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். றப்பரை எங்கே வைப்பது என்பதைக் கணக்குப் பண்ணினார்கள். எஞ்சினுக்குத் தான் இயல்பாக உருளுகிற ஒரு அச்சு இருக்கு. அது அதன் பாரமையத்தினூடாகப் போகும். முன்பக்க றப்பரை உயரத்தில், தண்ணிப் பம்புக்குக் கிட்ட வைத்தார்கள். பின்பக்க றப்பரைத் தாழ்வில், கியர்பொக்ஸுக்கு அடியில் வைத்தார்கள். இரண்டையும் இணைக்கும் கோடு அந்த அச்சோடு பொருந்தியது. எஞ்சின் தான் விரும்பிய விதத்தில் ஆடலாம். ஆட்டம் சட்டத்துக்குப் போகாது. மிஞ்சி உருண்டுவிடாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு இலைவில்லும் பூட்டினார்கள்.

நாலு சிலிண்டர் காரில் எட்டுச் சிலிண்டரின் சுகம் என்று விளம்பரம் செய்தார்கள். அதில் விளம்பரம் கொஞ்சம், உண்மை நிறைய. பிரான்ஸின் சித்றோஎன் கொம்பனி அந்த உரிமையை வாங்கி 1932 இல் தன் கார்களில் போட்டது. இலச்சினையில் மிதக்கும் அன்னம் ஒன்றையும் வரைந்தது. பிறகு உலகமே அந்த வழிக்கு வந்தது.

எஞ்சின் மாத்துபவருக்கு இதில் முதலாவது பாடம் இருக்கு. மவுண்ட் என்பது கடையில் எடுக்கிற சாமான் மட்டும் அல்ல, அது வைக்கப்படுகிற இடமும்தான். அருமையான மவுண்டைப் பிழையான இடத்தில் வைத்தால் அது பிழையான மவுண்ட்.

அந்த றப்பர் எங்கேயிருந்து போனது?

இந்த இடத்தில் கதை நம்ம தீவுக்குத் திரும்புகிறது. 1876 இல் பிரேசிலிலிருந்து கொண்டுபோன றப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டன. அந்தக் கன்றுகளில் பெரும் பங்கு, 1,900 க்கு மேல், இலங்கைக்கு அனுப்பப்பட்டது. கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் நாட்டினார்கள். அங்கிருந்து களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி என்று ஈரவலயம் முழுக்கப் பரவியது. 1952 இல் சீனாவோடு செய்த றப்பர்-அரிசி ஒப்பந்தம் ஆண்டுக்கு 50,000 தொன் றப்பர் கொடுத்து அரிசி வாங்குகிற அளவுக்குப் பெரியது.

எஞ்சின் மவுண்டுக்கு இன்றைக்கும் விருப்பமான பொருள் இயற்கை றப்பர்தான். இலட்சக்கணக்கான தடவை இழுத்தாலும் சுருக்கினாலும் களைக்காது, வெடிப்பு மெதுவாகத்தான் பரவும். அதற்கு எதிரிகள் மூன்று: எண்ணெய், சூடு, காற்றிலுள்ள ஓசோன். எண்ணெய் பட்டால் ஊதி மெதுமெதுத்துப் போகும். சூட்டில் கெட்டியாகி வெடிக்கும். எஞ்சினில் ஒயில் கசிவு இருக்கும்போது புது மவுண்ட் வாங்கிப் போடுவது காசைக் கடலில் போடுகிற வேலை. முதலில் கசிவை நிறுத்த வேணும்.

இன்னொரு விஷயம், ஒட்டு. நல்ல மவுண்டில் றப்பர் இரும்போடு ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கும். ஆரம்பத்தில் இரும்புக்குப் பித்தளை முலாம் பூசி அதில் றப்பரை வேகவைத்து ஒட்டினார்கள். பிறகு விசேஷ பசைகள் வந்தன. அந்த ஒட்டு இருப்பதால்தான் றப்பர் அமுங்குவதோடு நிற்காமல் பக்கவாட்டில் வழுகி இழுபடவும் முடிகிறது. நம்ம கராஜ்களில் டயர்த் துண்டை வெட்டி, நடுவில் துளை போட்டு, ஒரே போல்ற்றை ஊடாக விட்டு இறுக்குகிற பழக்கம் இருக்கு. அவசரத்துக்கு வீடு போய்ச் சேர அது காணும். ஆனால் டயருக்குள் நூலும் கம்பியும் இருக்கு, அது இழுபடாது. ஊடாகப் போகிற போல்ற்றோ நடுக்கத்தை நேரே சட்டத்துக்குக் கொண்டுபோகும். பெயருக்கு றப்பர், வேலைக்கு இரும்பு.

மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயும்

1948 இல் பிறந்த மொரிஸ் மைனரும் அதன் கூட்டாளிகளான ஒஸ்ரின்களும் இலங்கையில் செத்துச் செத்துப் பிழைத்த கார்கள். 1990 இல் போர் மறுபடி தொடங்கி வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் தடைப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஓடியது இவைதான். சின்னப் போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி எஞ்சினை எழுப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அந்தக் கள்ளச் சாப்பாட்டை அவை தாங்கின. இடியிடித்துக்கொண்டு, புகைத்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டு ஓடின.

போருக்கு முன்னும் பின்னும் இந்தக் கார்களுக்கு ஜப்பான் எஞ்சின் மாத்துவது நாடு முழுக்க நடந்தது. மைனருக்குள் நிசான் எஞ்சின் என்பது இலங்கையில் ஒரு தனிச் சாதி. அதில் ஒரு வேடிக்கையும் உண்டு: 1952 இல் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து, ஒஸ்ரின் கார்களைப் பொருத்தித்தான் நிசான் நவீன கார்த் தொழிலைப் படித்தது. ஒஸ்ரின் வீட்டில் படித்த பிள்ளை பெரியாளாகி அந்த வீட்டுக்கே கைகொடுக்க வந்த மாதிரி.

மைனருக்கு எஞ்சின் மாத்துவது ஒப்பீட்டளவில் சுகம். எஞ்சின் நீளவாக்கில் இருக்கு, சக்தி பின்சில்லுக்குப் போகிறது. கடைசிப் பல்லுச்சில்லு பின் அச்சில் இருப்பதால் சில்லைச் சுழற்றுகிற பெரிய முறுக்கை அந்த அச்சும் வில்லும் தாங்கிவிடும். முன்னாலுள்ள எஞ்சின் மவுண்டுக்கு வருவது எஞ்சின் முறுக்கையும் கியர் விகிதத்தையும் பெருக்கினால் வருவது மட்டும். அதனால் கொஞ்சம் அப்படி இப்படி வைத்தாலும் ஓடியது. அந்தப் பழக்கத்தை ஹட்ச்பாக்குக்குக் கொண்டுவந்தபோதுதான் பிழைத்தது.

எஞ்சினைக் குறுக்கே திருப்பியபோது

1956 இல் சுயெஸ் நெருக்கடி. பிரிட்டனில் பெற்றோலுக்குப் பங்கீடு. சின்னக் கார் வேணும் என்ற அவசரத்தில் 1959 இல் பிறந்தது மினி. மொரிஸ் மைனரை வடிவமைத்த அதே அலெக் இசிகோனிஸ், பத்தடி நீளக் காருக்குள் நாலு பேருக்கு இடம் எடுக்க எஞ்சினைக் குறுக்கே திருப்பி, முன்சில்லை ஓட்டவைத்தார். பிறகு வந்த சின்ன ஹட்ச்பாக் கார்களில் பெரும்பாலானவை குறுக்கே கிடக்கும் எஞ்சினோடுதான் வந்தன. 1983 டிசம்பரில் இந்தியாவில் இறங்கிய மாருதி 800 உம் அப்படித்தான்: 796 சீசீ, மூன்று சிலிண்டர், முன்சில்லு ஓட்டம். நம்ம றோட்டில் ஓடுகிற பழைய ஜப்பான், இந்திய ஹட்ச்பாக் எல்லாம் இந்த வம்சம்.

குறுக்கே திருப்பியதில் இடம் மிஞ்சியது, ஆனால் மவுண்டின் தலையில் புதுப் பாரம் விழுந்தது. எஞ்சின், கியர்பொக்ஸ், கடைசிப் பல்லுச்சில்லு மூன்றும் ஒரே கட்டி. சில்லைச் சுழற்றுகிற முழு முறுக்கின் எதிர்விசையும் இப்போது மவுண்டுகளுக்குத்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் முறுக்கு 60 நியூட்டன் மீற்றர், முதல் கியர் 3.5, கடைசி விகிதம் 4.4 என்று வைப்போம். மூன்றையும் பெருக்கினால் 924. எஞ்சின் முன்னுக்குப் பின் உருளாமல் பிடிக்கிற மவுண்டுகள் 40 சென்ரிமீற்றர் இடைவெளியில் இருந்தால் ஒவ்வொன்றிலும் 2,310 நியூட்டன். அதாவது ஒரு முழு நெல்லுமூட்டையைவிட மூன்று மடங்குக்கும் கூடிய, 235 கிலோ பார இழுவை. 60 க்குப் பதில் 90 தருகிற எஞ்சினைப் போட்டால் அதே இடத்தில் 350 கிலோவுக்கு மேல்.

மினியில் இதற்காக எஞ்சினின் மேல்பக்கத்தில் ஒரு சின்னக் கம்பியைப் பூட்டி, இரு முனையிலும் றப்பர் புஷ் வைத்தார்கள். அந்தப் புஷ் தேய்ந்தால் கிளச் விடும்போது கார் குதிரை மாதிரித் துள்ளும். இன்றைய கார்களில் 'டோர்க் றொட்' என்று எலும்புத்துண்டு மாதிரி இருக்கிறதே, அது அதன் வாரிசு. வேலையும் பிரிந்தது: பக்கத்து மவுண்டுகள் பாரம் தாங்கும், றொட் உருளாமல் பிடிக்கும். 1980 களுக்குப் பிறகு உள்ளே திரவம் நிரப்பிய மவுண்டுகளும் பரவலாகின. அவை சிறு நடுக்கத்துக்கு இளக்கமாகவும் பெரிய குதிப்புக்கு இறுக்கமாகவும் நடந்துகொள்ளும்.

1971: 67 இலட்சம் கார்கள்

மவுண்ட் உடைந்தால் என்ன, கொஞ்சம் சத்தம் வரும் அவ்வளவுதானே என்பவர்களுக்கு இந்தக் கதை. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டர்ஸ் கொம்பனி ஏறத்தாழ 67 இலட்சம் ஷெவ்றொலே வாகனங்களைத் திருப்பி அழைத்தது. எல்லாம் 1960 களின் பின்பாதியில் செய்தவை. குற்றம் எஞ்சின் மவுண்டில். றப்பர் இரும்பிலிருந்து பிய்ந்தால் எஞ்சினை அந்தப் பக்கம் பிடிக்க வேறொன்றும் இல்லை. ஓட்டுபவர் அக்சிலறேற்றரை மிதிக்க, முறுக்கின் எதிர்விசையில் எஞ்சின் ஒரு பக்கம் எழும்பும். எழும்பும்போது அக்சிலறேற்றர் இணைப்பை அதுவே இழுக்கும். காலை எடுத்தாலும் கார் வேகமெடுக்கும். வேகமெடுக்க எஞ்சின் இன்னும் எழும்பும். பிறேக்குக்கு உதவுகிற வெற்றிடக் குழாயும் கழரலாம்.

அந்தக் கொம்பனி செய்த திருத்தம் மிக எளியது: மவுண்ட் பிய்ந்தாலும் எஞ்சின் எழும்பாமல் பிடிக்க ஒரு கம்பிவடம். பிறகு வந்த மவுண்டுகள் பலவற்றில் இரும்புப் பகுதிகள் ஒன்றுக்குள் ஒன்று கொளுவி இருக்கும். றப்பர் முழுக்கப் போனாலும் இரும்பு இரும்பைப் பிடிக்கும்.

எஞ்சின் மாத்துபவருக்கு இது இரண்டாவது பாடம், முக்கியமான பாடமும் இதுதான். மவுண்டைத் தெரியும்போது முதலில் கேட்க வேண்டியது, "இந்த றப்பர் பிய்ந்தால் எஞ்சின் எங்கே போகும்?" என்பது. கொளுவி இருக்கிற மவுண்டை எடுங்கள். அது கிடைக்காவிட்டால் தளர்வாக ஒரு வடமோ சங்கிலியோ போட்டு விடுங்கள்; சாதாரண ஓட்டத்தில் அது இறுகாமல் இருக்க வேணும். பழைய ஹட்ச்பாக்கில் அக்சிலறேற்றர் இன்னும் கேபிளில்தான் ஓடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

அப்போ எதைத் தெரிவது?

ஒரு உதாரணம் எடுப்போம். 800 சீசீ மூன்று சிலிண்டர் இருந்த காருக்குள் 1000 சீசீ நாலு சிலிண்டர் போகிறது. கையில் இரண்டு செற் மவுண்ட்: காரிலிருந்து கழட்டியது, எஞ்சினோடு வந்தது. எது?

றப்பர் எஞ்சினுடையது, இடம் காருடையது. ஏனென்றால் எஞ்சினோடு வந்த றப்பர் அந்த எஞ்சினின் பாரத்துக்கும் அதன் நடுக்கத்துக்கும் அளந்து செய்தது. காரின் உடம்பிலுள்ள பிடிமானமோ, தகடு இரட்டிப்பாக வைத்துப் பலப்படுத்திய இடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிறக்கற் செய்வதுதான் நம்ம வேலை. உடம்பில் வெறுந்தகட்டில் புதுத் துளை போடுவது கடைசி வழி. போட்டே ஆக வேணுமென்றால் பின்னால் பலத்தகடு வைக்க வேணும்.

றப்பரின் இளக்கம் சரியா என்பதை ஒரு அளவுகோலால் பார்க்கலாம். எஞ்சின் தொங்கும்போது மவுண்டின் உயரத்தை அளவுங்கள், பிறகு பாரத்தை இறக்கி அளவுங்கள். எவ்வளவு பதிந்தது? ஒரு மில்லிமீற்றர் பதிந்தால் அந்த எஞ்சின் றப்பரில் இயல்பாக விநாடிக்கு ஏறத்தாழ 16 தடவை ஆடும். மூன்று மில்லிமீற்றர் பதிந்தால் 9 தடவை. மூன்று சிலிண்டர் எஞ்சின் ஐடிலில் 800 சுற்றில் நிற்கும்போது வெடிப்பு விநாடிக்கு 20; நாலு சிலிண்டர் 750 இல் நிற்கும்போது 25. வெடிப்பின் வேகம் இயல்பாட்டத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காவது கூட இருந்தால்தான் நடுக்கம் குறையத் தொடங்கும். மூன்று சிலிண்டரை எடுத்தால், மூன்று மில்லிமீற்றர் பதிந்த மவுண்டில் நடுக்கத்தின் கால்வாசிதான் உடம்புக்குப் போகும். ஒரு மில்லிமீற்றர் பதிந்ததில் உள்ளதைவிட ஒன்றரை மடங்கு கூடிப் போகும்! கெட்டி மவுண்ட் நடுக்கத்தைத் தடுக்காதது மட்டுமல்ல, பெருக்கியும் விடும். இது மேல்கீழ் ஆட்டத்துக்கான கணக்கு. உருளும் ஆட்டத்துக்கு எண் மாறும், சங்கதி மாறாது.

இதனால்தான் பொலியூரிதேன் மவுண்ட் என்று கலர் கலராக விற்பதைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. பந்தயத்துக்கு அது சரி. அங்கே எஞ்சின் ஐடிலில் நிற்பதும் இல்லை, பிள்ளைக்குப் பின்சீற்றில் நித்திரை வர வேண்டிய தேவையும் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடுகிற காரில் அது டாஷ்போர்ட்டைக் கிலுக்கும், சைலன்சர் மூட்டை உடைக்கும், கடைசியில் நாம் ஒட்டிய பிறக்கற்றையே வெடிக்க வைக்கும்.

வேலை ஒழுங்கும் முக்கியம். முதலில் முடிவு செய்ய வேண்டியது எஞ்சின் இருக்கும் இடம் அல்ல, கியர்பொக்ஸ் இருக்கும் இடம். முன்சில்லுக்குப் போகிற இரண்டு ஷாஃப்ற்றும் பழைய கோணத்தில் இருக்க வேணும். அந்த இடம் நிலைத்த பிறகு பொனற், ரேடியேற்றர், கீழே ஒயில்தட்டு எல்லாவற்றுக்கும் எஞ்சின் ஆட இடம் இருக்கா என்று பார்க்க வேணும். பிறக்கற் ஒட்டும்போது உண்மையான றப்பரை வைத்து ஒட்டக் கூடாது. வெல்டிங் சூட்டில் அதன் ஒட்டு போய்விடும். அதே அளவில் ஒரு இரும்புக் கட்டையை வைத்து ஒட்டுங்கள். கட்டை பதியாது, றப்பர் பதியும் என்பதால் அந்த இரண்டு மூன்று மில்லிமீற்றரைக் கணக்கில் விட்டுவையுங்கள். பிறக்கற் வளையாமல் இருக்க முக்கோணத் தாங்கு வேணும். பூட்டும்போது எல்லாப் போல்ற்றையும் தளர்வாக விட்டு, எஞ்சினைத் தன்பாட்டில் படியவிட்டு, பிறகு இறுக்குங்கள். முறுகிய நிலையில் இறுக்கிய றப்பர் முதல் நாளிலிருந்தே பிய்யத் தொடங்கும்.

பஞ்சிகாவத்தையில் எஞ்சினோடு வருகிற மவுண்டும் எஞ்சினளவுக்குப் பழசு என்பது நினைவிருக்கட்டும். அதை மாதிரிக்கு வைத்துக்கொண்டு அதே வகையில் புதுசு வாங்குவதுதான் நல்லது. விரலால் மடக்கிப் பார்த்தால் வெடிப்புத் தெரிகிறதா, இரும்பிலிருந்து விலகி இருக்கா, திரவம் உள்ள வகையென்றால் கசிந்த கறை இருக்கா என்று பாருங்க. எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தையும் திருத்த வேணும். அதைச் செய்யாமல் விட்டால் சோதனைச் சாவடியிலும் காப்புறுதியிலும் ஒருநாள் கட்டாயம் மாட்டுப்படும்.

எழுதப்படாத பக்கம்

மூதூரிலிருந்து திருகோணமலைக்கு லாஞ்ச் ஏறிய தலைமுறைக்கு எஞ்சின் நடுக்கம் என்றால் என்ன என்று பாதத்தால் தெரியும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்து, அடுத்து வந்த பாலங்களும் சேர்ந்த பிறகு நாங்கள் றோட்டால் போகப் பழகிவிட்டோம். கடலுக்குள் எஞ்சின் பூட்டியவர்களின் அறிவு, 1990 களில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்களின் அறிவு, 2006 இல் இடம்பெயர்ந்து திரும்பி வந்து கறள் பிடித்த வாகனத்தை எழுப்பியவர்களின் அறிவு எல்லாம் இன்னும் நம்ம கராஜ்களில் கைவாக்கில் இருக்கு. அது தமிழில் எழுத்தில் இல்லை. கிறைஸ்லரின் 1931 ஐ நூலகத்தில் தேடி எடுக்கலாம். பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் எந்த எஞ்சினுக்கு எந்தப் பிறக்கற்றை எத்தனை மில்லிமீற்றர் தகட்டில் செய்தார் என்பதை அவரிடம் கேட்டால்தான் உண்டு.

கேளுங்க. ஒரு கொப்பியில் எழுதுங்க. எஞ்சின் இலக்கம், மவுண்டின் இலக்கம், தகட்டின் தடிப்பு, எத்தனை மாதம் தாங்கியது, எந்த இடத்தில் வெடித்தது. பத்துக் காரின் கணக்குச் சேர்ந்தால் பதினோராவது காரைச் செய்பவர் தடவிப் பார்க்கத் தேவையில்லை. அந்தப் பதினோராவது காரில் யார் வீட்டு நோயாளி இராத்திரியில் மூதூருக்குப் போகப்போகிறார் என்று இப்போது யாருக்கும் தெரியாது.